வெறும் வயிற்றுக்கான மருந்து

கொரோனாவின் இரண்டாவது அலையில் என் கணவர் பிழைத்துவிட்டார். ஆனால் அந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்த ஸ்டீராய்டில் சர்க்கரை ஏறியது. ஏறிய சர்க்கரை இறங்குவதற்குள் கன்னத்தில் கருப்புப் பூஞ்சை பிடித்துக்கொண்டது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கும் மேல் இருந்தோம். மேல்தாடையின் இடது பக்கத்தைப் பற்களோடு எடுத்துவிட்டார்கள். ஊசி மருந்தெல்லாம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். வெள்ளையாக, கெட்டியாக, மிட்டாய் வாசனையோடு இருந்தது அந்த மருந்து. கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கொடுத்தால் பெரிதாகப் பயன் இருக்காது என்று இளம் டாக்டர் ஒருவர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

அவர் சொல்லித் தெரிய வேண்டியவள் இல்லை நான். பார்மசி கல்லூரியில் பதினோரு வருடமாக அதைத்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சில மருந்துகள் தண்ணீரில் கரையவே கரையாது. கரையாத மருந்து குடலின் சுவரைத் தாண்டாமல் மலத்தோடு வெளியே போய்விடும். சாப்பாட்டில் கொழுப்பு இருந்தால் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் விடும். பித்தநீர் கொழுப்பைப் பொடிப்பொடித் துளிகளாக்கும். மருந்து அந்தத் துளிகளில் ஏறிக்கொண்டு குடல் சுவர் வரைக்கும் போய்ச் சேரும். இதைக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் கேட்பேன்.

முதலியார்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டின் சமையலறையில் அந்தப் படம் ஒன்றுக்கும் உதவவில்லை. பாதி அண்ணம் இல்லாத மனிதரை எப்படிக் கொழுப்பு சாப்பிட வைப்பது? கஞ்சியில் நெய் விட்டேன். வேர்க்கடலையை ஊறவைத்து, அரைத்து, வடிகட்டிக் கொடுத்தேன். முட்டையின் மஞ்சள் கருவைப் பாலில் அடித்துக் கொடுத்தேன். வாயில் வைத்ததில் பாதி மூக்கு வழியாக வந்தது. உள்ளே போன மீதியையும் கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்துவிடுவார். மருந்து கொடுத்து எத்தனை நிமிடம் ஆயிற்று, வாந்தியில் எவ்வளவு மருந்து போயிருக்கும், மறுபடியும் கொடுக்கலாமா என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிற்பேன்.

மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மாளுக்குப் பிரெஞ்சு குடியுரிமை. கணவருடைய பென்ஷன் அங்கிருந்து வருகிறது. தெருவில் எல்லோரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு ஒருநாள் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு டப்பா எடுத்து வந்தார். வெள்ளைச் சீஸ், வெண்ணெய் மாதிரி குழைவாக இருந்தது. உப்பில்லை, காரமில்லை. அதை ஸ்பூனால் நாக்கின் வலது ஓரத்தில் வைத்தால் தானாகக் கரைந்து இறங்கியது. என் கணவர் வாந்தி எடுக்காமல் வைத்துக்கொண்ட முதல் கொழுப்பு அதுதான். அந்த டப்பா தீர்ந்ததும் மதாம் ரோமேன் ரோலண்ட் வீதிப் பக்கம் இருக்கும் ஒரு கடையிலிருந்து இன்னும் நான்கு வாங்கி வரச் செய்தார்.

அப்படியிருந்தும் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கச் சென்னைக்கு அனுப்பிய பரிசோதனை முடிவு குறைவாகத்தான் வந்தது. இன்னும் கொஞ்சம் கொழுப்பு சேர்க்கப் பாருங்கள் என்றார்கள். அன்றைக்கு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் சாப்பிட முடியாமல் இருப்பதற்கு அவரையே குற்றம் சொல்வது போலத்தான் எங்கள் இருவருக்கும் அது பட்டது.

சில வாரங்கள் கழித்து அதே மருந்தின் மாத்திரை வடிவம் கிடைக்க ஆரம்பித்தது. அதற்குச் சாப்பாட்டை அவ்வளவாக நம்பியிருக்க வேண்டியதில்லை. அளவு ஏறியது. பூஞ்சை நின்றது. ஆறேழு மாதத்தில் அண்ணத்துக்குத் தகடு பொருத்தி, கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரலோடு, மின்துறை அலுவலகத்தில் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.

எனக்கு மட்டும் அந்தச் சமையலறையை விட்டு வெளியே வர முடியவில்லை. அந்த ஒரு மருந்துக்கு வழி பிறந்துவிட்டது. ஆனால் அதே குணமுள்ள வேறு மருந்துகள் எத்தனையோ இருக்கின்றன. கொழுப்போடு சாப்பிடுங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், சாப்பிட முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? மருந்தை முதலிலேயே எண்ணெயில் கரைத்து, வயிற்றுக்குள் போனதும் தானாகவே பொடித் துளிகளாக உடையும்படி செய்துவிட்டால், சாப்பாட்டின் வேலையை அந்த எண்ணெயே பார்த்துக்கொள்ளும். இது நான் கண்டுபிடித்ததில்லை. உலகத்தில் நிறையப் பேர் செய்கிறார்கள். நான் இன்னொரு பூஞ்சை மருந்தை எடுத்துக்கொண்டு, நாற்பது வயதில் பிஎச்.டிக்குப் பதிவு செய்தேன்.

என் நெறியாளர் என்னைவிட ஆறு வயது இளையவர். நான் அவரை மேடம் என்பேன். அவரும் கூச்சத்தில் என்னை மேடம் என்பார். எங்கள் ஆய்வகத்துக்கு வந்த ஒரு மாணவி, இங்கே யார் மேடம் என்று ஒருமுறை உண்மையாகவே கேட்டாள்.

முதல் வருடம் எண்ணெய்களைத் தேடுவதில் போயிற்று. ஒவ்வொரு எண்ணெயிலும் மருந்து எவ்வளவு கரைகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு எண்ணெயும் தண்ணீரும் சண்டை போடாமல் சேர்வதற்குச் சோப்பு மாதிரி குணமுள்ள ஒரு பொருள், அதற்குத் துணையாக இன்னொன்று. தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த ஒரு எண்ணெயில்தான் மருந்து அதிகமாகக் கரைந்தது. அந்தக் கலவையில் ஒரு சொட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு மெதுவாகக் கலக்கினால், சொட்டு இருந்த இடம் தெரியாது. தண்ணீர் முழுதும் லேசான நீல நிறம் ஏறும், வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு மினுமினுப்பு. முதல் தடவை அதைப் பார்த்தபோது பீக்கரை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் வயிறு வெறும் தண்ணீர் இல்லை. அடுத்து, பித்தநீரும் செரிமான நொதியும் கலந்த திரவத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கான பித்த உப்புக்கு ஆர்டர் கொடுத்து மாதக்கணக்கில் வரவில்லை. கப்பலில் இருக்கிறது, கஸ்டம்ஸில் இருக்கிறது என்று வியாபாரி சொல்லிக்கொண்டேயிருந்தார். அதுவரை ஒத்திகைக்கு ஆட்டுப் பித்தநீரை வைத்துப் பார்க்கலாமா என்று நெறியாளரைக் கேட்டேன். ஆடும் மனிதரும் ஒன்றில்லை, கட்டுரையில் அந்த முடிவைப் போட முடியாது, ஆனால் கை பழகும் என்றார்.

எங்கள் தெருமுனைக்கு அப்பால் ஒரு கறிக்கடை. கடைக்காரர் பாகூர் பக்கத்துக் கிராமத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். ஊரில் வயலும் ஆடுகளும் உண்டு. அவருடைய ஆடுகளையே கொண்டுவந்து வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறைந்த பிறகு போய், நான்கைந்து பித்தப்பை வேண்டும் என்று கேட்டேன்.

கத்தியைக் கட்டையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பித்தப்பையை அவர் பிச்சு என்றார்.

"பிச்சு இன்னாத்துக்குமா உனுக்கு?"

ஆராய்ச்சிக்கு என்றேன். அவர் தலையை ஆட்டினார். தர முடியாது என்றார். காசு கொடுக்கிறேன் என்று நான் சொன்னதும் அவர் முகம் இன்னும் இறுகியது. பக்கத்தில் நின்றவர்கள் போகும் வரை காத்திருந்து காரணத்தைச் சொன்னார். அவருடைய சித்தப்பாவுக்குச் சர்க்கரை. பச்சைப் பித்தப்பையை முழுங்கினால் சர்க்கரை ஓடிப்போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பெரிய கெண்டை மீனின் பித்தப்பையை முழுங்கியிருக்கிறார். இரண்டே நாளில் சிறுநீர் நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் டயாலிசிஸ் செய்து உயிரை மீட்டார்கள். அதற்குப் பிறகும் கடைக்கு வந்து ஆட்டுப் பித்தப்பை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் ஒன்றைக்கூட வெளியே விடுவதில்லை. எல்லாவற்றையும் ஊருக்கு எடுத்துப்போய்க் குழி வெட்டிப் புதைத்துவிடுவார்.

"படிச்சவங்களும்தான் வந்து கேக்குறாங்க. ஆராய்ச்சின்னு சொல்லிட்டு வூட்ல யாருக்குனா குடுத்துட்டீங்கன்னா? அந்தப் பாவம் எனுக்கு வாணாம்."

கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. மருந்தைப் பற்றி வகுப்பில் நான் சொல்ல வேண்டிய எச்சரிக்கையைத்தான் அவர் கடையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். என் பெயரையும் கல்லூரியையும் சொல்லி, அப்படியானால் நீங்களே அங்கே கொண்டுவந்து, என்ன செய்கிறேன் என்று நின்று பாருங்கள் என்றேன். அவர் அடுத்த வாடிக்கையாளருக்கு ஈரல் வெட்டப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை கல்லூரி வாசலிலிருந்து காவலாளி போன் செய்தார். யாரோ ஒருவர் டிபன் பாக்ஸோடு வந்து என்னைக் கேட்கிறார், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டேன் என்கிறார் என்றார். ஓடிப்போய் அழைத்து வந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி வந்திருந்தார். பாக்ஸில் ஐஸ் நடுவே ஆறு பித்தப்பைகள், கரும்பச்சை நிறத்தில்.

ஊசியால் குத்திப் பித்தநீரை உறிஞ்சி எடுத்து, அளந்து, கலந்து, என் எண்ணெய்க் கலவையை விட்டேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். நெறியாளர் வந்ததும் நாற்காலி போடச் சொன்னார். கடைக்காரர் உட்காரவில்லை. யாரும் எதையும் குடிக்கப் போவதில்லை என்று தெளிந்த பிறகுதான் கேள்வி கேட்க ஆரம்பித்தார். கேட்ட கேள்விகளுக்கு நாங்கள் இருவரும் மாறி மாறிப் பதில் சொன்னோம். கிளம்பும்போது மிச்சத்தை என்ன செய்வீர்கள் என்று விசாரித்தார். எரித்துவிடுவோம் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஐஸ் வைத்துத் தந்தார். ஒரு தடவைகூடக் காசு வாங்கவில்லை.

ஆட்டுப் பித்தநீரில் என் கலவை நன்றாகவே நின்றது. எண்ணெய் செரித்த பிறகும் மருந்து கீழே விழவில்லை. இரண்டு மணி நேரம் கழித்தும் குழாயின் அடி சுத்தமாக இருந்தது. அன்று மாலை பஸ்ஸில் வரும்போதே வீட்டில் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன். என் கணவர் அலுவலகத்திலிருந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். போனில் எடுத்த படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"பித்தநீர் இவ்ளோ பச்சையா இருக்கே. இது சாப்ட்டவன் வயிறா, சாப்டாதவன் வயிறா?"

"சாப்ட்டவங்க வயித்துலதாங்க இவ்ளோ பித்தநீர் வரும்."

"அப்ப எனக்கு இது ஒதவியிருக்காது."

குற்றமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்டுத் தெளிந்துகொண்டவர் மாதிரி சொல்லிவிட்டுத் தம்ளரைக் கழுவப் போனார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது எனக்குத் தெரியாததில்லை. ஒரு மாதத்துக்கு முன்பே, வெறும் வயிற்றில் இருக்கிற மாதிரி பித்தநீரை நீர்க்கக் கலந்து ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தேன். அரை மணி நேரத்திலேயே குழாய் கலங்கி, அடியில் ரவை மாதிரி மருந்து படிந்துவிட்டது. ஏதோ கை தவறியிருக்கும் என்று நோட்டில் எழுதிவிட்டு, கெட்டியான பித்தநீருக்குத் திரும்பிவிட்டேன். நல்ல முடிவு வருகிற பக்கமே போய்க்கொண்டிருந்தேன். அதை நெறியாளரிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் சொன்னேன். அவர் நோட்டை வாங்கிப் படித்தார். நீர்த்த பித்தநீரில் நிற்காவிட்டால் நாம் செய்வது இன்னொரு சாப்பாட்டு மருந்துதான் மேடம் என்றார். அவர் அதை மென்மையாகச் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதற்கப்புறம் எட்டு மாதம் எங்கள் குழாய்களின் அடியில் ரவைதான். மருந்தை அதிகமாகக் கரைத்த அந்தத் தேங்காய் வழி எண்ணெய் சீக்கிரமாகச் செரித்துவிடுகிறது, மருந்து ஏறியிருந்த வண்டி வழியிலேயே காணாமல் போகிறது என்று மெல்லப் புரிந்தது. மெதுவாகச் செரிக்கிற எண்ணெய்க்கு மாற வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட எண்ணெயில் மருந்து குறைவாகத்தான் கரையும். ஒரே காப்ஸ்யூலில் முழு மருந்தையும் அடக்க வேண்டும் என்பது என் ஆசை. கொஞ்சம் அதிகமாகத் திணித்தாலும் குழாய் கலங்கியது. பல்கலைக்கழகத்துக்கு அரையாண்டு அறிக்கை எழுதும்போது, முன்னேற்றம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் கைவிட்ட கலவைகளையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். அந்த நாட்களில் வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசித்திருக்கிறேன். வகுப்பு முடித்து, பரீட்சைத் தாள் திருத்தி, மாலையில் ஆய்வகத்துக்குப் போனால் காலையில் தெளிவாக வைத்துவிட்டுப் போனது கலங்கிக் கிடக்கும்.

கறிக்கடைக்காரர் மட்டும் வாராவாரம் விசாரிப்பார். நான் இல்லை என்று தலையாட்டினால், அடுத்த வாரத்துக்கு எத்தனை வேண்டும் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஒருநாள் ஆசையைக் கைவிட்டேன். ஒன்றுக்குப் பதில் இரண்டு காப்ஸ்யூல் என்று வைத்துக்கொண்டு, மருந்தின் அளவைப் பாதியாக்கினேன். எண்ணெயை எள்ளெண்ணெய் வகைக்கு மாற்றினேன். கரைந்த மருந்து மறுபடி ஒன்றுசேர்ந்து படிகமாவதைத் தாமதப்படுத்த ஒரு பசைப்பொருளைத் துளி சேர்த்தேன். இரண்டு காப்ஸ்யூல் என்றால் மற்றவர்களுடைய ஆய்வுக்கு முன்னால் நம்முடையது பலவீனமாகத் தெரியாதா என்று நெறியாளரைக் கேட்டேன். சாப்பிட முடியாத ஒருத்தர் நெய்க்கஞ்சியைவிட இரண்டு காப்ஸ்யூலை விரும்ப மாட்டாரா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

நீர்த்த பித்தநீரில் காலை பத்து மணிக்கு விட்டோம். அரை மணி நேரம் தாண்டியது. ஒரு மணி நேரம் தாண்டியது. மதியம் இருவரும் வகுப்புக்குப் போய்விட்டு வந்தோம். குழாய் அப்படியே இருந்தது, இளநீரில் ஒரு சொட்டுப் பால் விட்ட மாதிரி. சுழற்றிப் பார்த்தோம், அடியில் ஒன்றுமில்லை. நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தோம், படிகம் இல்லை. நெறியாளர் அதை நம்பாமல் மறுபடியும் முதலிலிருந்து செய்யச் சொன்னார். மூன்று நாட்கள் செய்தோம். மூன்று நாளும் நின்றது.

வியாபாரி சொன்ன கப்பல் ஒருவழியாகக் கரைக்கு வந்து பித்த உப்பு கிடைத்தது அதன் பிறகுதான். அதிலும் போட்டுப் பார்த்தோம். முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது, பசைப்பொருளின் அளவைச் சிறிது கூட்டியதும் சரியாகிவிட்டது. கறிக்கடைக்காரரிடம் போய் இனிமேல் பித்தப்பை வேண்டாம் என்று சொன்னபோது அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. மருந்து கலங்காமல் நின்றுவிட்டதா என்று கேட்டார். நின்றுவிட்டது என்றேன். அப்படியானால் ஆஸ்பத்திரியில் எப்போது கொடுப்பார்கள் என்றார். அதற்கு இன்னும் பல வருடம் ஆகும், மனிதர்களுக்குப் போவதற்கு முன்னால் கடக்க வேண்டிய படிகள் நிறைய இருக்கின்றன, நடுவில் எங்காவது நின்றுபோகவும் கூடும் என்று மறைக்காமல் சொன்னேன்.

"ஆவட்டும். அவசரப்பட்டு முழுங்கினதாலதான எங்க சித்தப்பா அப்டி ஆனாரு," என்றார்.

விலங்குகளில் சோதிக்க அனுமதி வாங்குவதற்குள் அடுத்த மழைக்காலமும் முடிந்துவிட்டது. இரவு முழுவதும் உணவு கொடுக்காமல் வைத்த எலிகளில் பாதிக்குச் சாதாரண மருந்து, பாதிக்கு எங்கள் கலவை. ரத்தத்தில் மருந்தின் அளவைக் கணினி கோடாகப் போட்டுக் காட்டியது. சாதாரண மருந்தின் கோடு தரையோடு ஒட்டிப் போயிற்று. எங்களுடையது ஏறி, கொஞ்ச நேரம் நின்று, மெதுவாக இறங்கியது. நெறியாளர் திரையைத் தொட்டு அந்த ஏற்றத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு இருவரும் கேன்டீனுக்குப் போய் ஆளுக்கு இரண்டு மெதுவடை சாப்பிட்டோம்.

வீட்டில் அந்தக் கோட்டை அச்செடுத்துக் காட்டினேன். இந்த முறை நானே முந்திக்கொண்டு, வெறும் வயிறு என்று சொன்னேன். அவர் தாளை வாங்கி, வெளிச்சத்துக்காகத் தெருவாசல் வரை போய், நின்று பார்த்தார். திரும்பி வந்து என் தோளில் கை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, எலிக்கெல்லாம் நல்லா இருக்கா என்று கேட்டார். இருவரும் சிரித்துவிட்டோம்.

இப்போது காப்ஸ்யூல்கள் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று பார்க்கும் வேலை நடக்கிறது. ஒரு தொகுதியை நம் ஊர்ச் சித்திரை வெயிலைவிடச் சூடான பெட்டியில் வைத்திருக்கிறோம். இன்னொன்று ஃபிரிட்ஜில். மாதம் ஒருமுறை திறந்து, ஒன்றை வெட்டி, எண்ணெயைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்ப்பேன். இரண்டாவது மாதத்தில் ஃபிரிட்ஜில் இருந்தது லேசாகக் கலங்கியது. அதை உடனே எழுதி நெறியாளரிடம் காட்டினேன். அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்ததும் தெளிந்துவிட்டது. ஆகவே குளிரில் வைக்க வேண்டாம் என்று குறித்துக்கொண்டோம். சூட்டில் இருந்தது ஐந்து மாதமாகத் தெளிவாகவே இருக்கிறது. ஆறு மாதம் தாங்கிவிட்டால் இந்தச் சூட்டுச் சோதனை முடிந்தது. திங்கட்கிழமை ஆறாவது மாதத்துப் பாட்டிலைத் திறக்கிறோம். முதல் இரண்டு மணி நேர வகுப்பை வேறொருவருக்கு மாற்றிவிட்டிருக்கிறேன்.